நோய்க்குப் பணம் உண்டு, நலத்துக்கு இல்லையா?

உழைப்பாளி எப்போது டாக்டரிடம் போகிறான்? மில்லில் தறிக்குப் பக்கத்திலேயே மயங்கி விழுந்த பிறகு. நடவு வயலில் நிமிர முடியாமல் உட்கார்ந்த பிறகு. அதுவரை கேட்டால், “எனக்கென்ன, நன்றாகத்தானே இருக்கிறேன்” என்பான். வேலை வாங்குகிறவர்களுக்கும் இந்தப் பதில்தான் சௌகரியம்.

இது எவ்வளவு பொய்யான பதில் என்பதை இரண்டு டாக்டர்கள் லண்டன் நகரின் தென்பகுதியில், பெக்காம் என்ற தொழிலாளர் வட்டாரத்தில் கண்டு காட்டினார்கள். ஒருவர் ஸ்காட் வில்லியம்சன். மற்றவர் இன்னெஸ் பியர்ஸ் என்ற அம்மையார். 1926ல் ஒரு சிறு வீட்டில் துவங்கினார்கள். 1935ல் பெரிய கட்டிடமே எழுந்தது. நடுவே நீச்சல் குளம். அதைச் சுற்றித் தேகப்பயிற்சிக் கூடம், நாடக மேடை, வாசகசாலை, குழந்தைகள் விளையாடுமிடம், டீ சாப்பிடுமிடம். உள்ளே சுவருக்குப் பதில் பெரும்பாலும் கண்ணாடி! டீ குடித்துக்கொண்டே, தன் பிள்ளை நீந்துவதைத் தாய் பார்க்கலாம். இதைச் செய், அதைச் செய் என்று யாரும் அதட்டுவதில்லை. ஒருவர் செய்வதைப் பார்த்து மற்றவருக்கு ஆசை வரும், கற்றுக்கொள்வார். பாலும் காய்கறியும் தரச் சொந்தப் பண்ணைகூட வைத்திருந்தார்கள். நம் விவசாயத் தொழிலாளத் தோழர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

அதே கூரையின் கீழ் டாக்டர்களும் இருந்தார்கள். சேருகிற குடும்பம் முழுவதையும் சோதிப்பார்கள். கண்டது என்ன? பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு ஏதாவதொரு குறை! அவர்களில் அநேகருக்கு அது தெரியவே தெரியாது. பசியும் களைப்பும் போல, நோயையும் வாழ்க்கையோடு பிறந்ததாக எண்ணிப் பழகிவிட்டார்கள்.

இனி மறுபக்கம். குடும்பத்துக்கு வாரம் ஒரு ஷில்லிங் சந்தா. கட்டக்கூடியவர்கள் இருக்கிற இடம் என்று பார்த்துத்தான் பெக்காமைத் தேர்ந்தெடுத்தார்கள். வேலையற்றவன் அந்த ஷில்லிங்குக்கு எங்கே போவான்? சந்தா போதாத இடத்தில் கனவான்களின் நன்கொடை. நல்ல மனம் படைத்த டாக்டர்கள்தான்; ஆனால் நன்கொடை என்பது கொடுக்கிறவர் கை மூடினால் நின்றுபோகிற சமாச்சாரம்.

1939ல் யுத்தம் வந்தது, கதவு சாத்தியது. 1946ல் மறுபடி திறந்தது. 1948ல் பிரிட்டனில் தேசிய சுகாதார சேவை பிறந்தது. பிரிட்டிஷ் உழைப்பாளிகளின் பெரிய வெற்றி அது, சந்தேகமில்லை. ஆனால் அதில் பெக்காமுக்கு இடம் கிடைக்கவில்லை. இவர்கள் நோயாளிகளைப் பார்ப்பதில்லை, நோயில்லாதவர்களைப் பார்க்கிறார்கள், ஒரு வட்டாரத்துக்கு மட்டும் செய்கிறார்கள், சந்தா வாங்குகிறார்கள், நிர்வாகத்தையும் தாங்களே வைத்துக்கொள்கிறார்கள்! இவையே ஆட்சேபங்கள். சந்தாவையும் நிர்வாகத்தையும் பற்றிய ஆட்சேபத்தில் நியாயம் உண்டு. அப்படியானால் பொதுப் பணத்தில் எடுத்து நடத்தி, சந்தாவை ஒழித்திருக்கலாமே! அதிகாரத்தில் இருந்ததோ தொழிற்கட்சி சர்க்கார். 1950ல் பணமில்லாமல் மூடினார்கள். நோயில்லாதவனுக்கு எந்த இலாகா கணக்கெழுதுவது என்று தெரியாமல் போயிற்று போலும்! இன்று அக்கட்டிடம் தனியார் குடியிருப்பு. குளம் இருக்கிறது, ஊராருக்கு அல்ல.

பெக்காமும் அதற்குப் பின் லண்டனின் ஏழ்மை மிக்க வட்டாரங்களில் ஒன்றாகியது. ஏறக்குறைய அரை நூற்றாண்டு கழித்து, 1998ல், நீச்சல் குளம், தேகப்பயிற்சி, சுகாதாரச் சேவை எல்லாம் சேர்ந்த நிலையம் ஒன்று அங்கே மறுபடி வந்தது. 2000ல் அதனருகிலேயே பெரிய நூலகம் எழுந்தது. சிறந்த கட்டிடத்துக்கான பரிசும் பெற்றது. இம்முறை பொதுப் பணம். மூடிய கதவுக்கும் திறந்த கதவுக்கும் நடுவே வளர்ந்து கிழவரான தலைமுறைக்கு யார் பதில் சொல்வது?

பொதுப் பணம் என்றால் கவலை தீர்ந்தது என்றும் நாம் சொல்லவில்லை. 2010க்குப் பின் சிக்கனம் என்ற பெயரால் பிரிட்டனில் நூற்றுக்கணக்கான நூலகங்களைப் பூட்டினார்கள். பெக்காம் நிலையத்தையும் வெளி நிறுவனத்திடம் நடத்தக் கொடுத்திருந்தார்கள். 2023ல்தான் வட்டாரக் கவுன்சில் தன் கைக்குத் திரும்ப எடுத்துக்கொண்டது. அதற்கு முன்பே, வாரத்தில் குறிப்பிட்ட சில வேளைகளில் அவ்வட்டாரத்து மக்களுக்கு நீச்சலும் தேகப்பயிற்சியும் இலவசம் என்று கவுன்சில் செய்திருந்தது. மற்ற வேளைகளுக்கும் அதைக் கேட்டு வாங்கும் வேலை பெக்காம் உழைப்பாளிகளுக்கு இன்னும் பாக்கி இருக்கிறது.