அது ‘காஸ்ரிக்’ குளிசை அல்ல



வவுனியா வடக்கில் ஓர் அக்காவின் வீட்டுக்குப் போயிருந்தேன். போரில் கணவரை இழந்து, கூலி வேலை செய்து மூன்று பிள்ளைகளை வளர்த்தவர். இரண்டு வருடங்களாகச் சிறுநீரக நோய்.

“தங்கச்சி, கிணத்தில ஒரு வாளி தண்ணி அள்ள ஏலாமல் கிடக்கு. கையெல்லாம் ஈர்க்குப் போல போச்சுது” என்றார்.

கிளினிக்கில் கொடுத்த குளிசைகளைப் பார்த்தேன். ஒரு பை பிரிக்கப்படாமலே இருந்தது.

“அது காஸ்ரிக் குளிசையாம். எனக்கு வயித்தெரிவு இல்லை, விட்டிட்டன்.”

முட்டை, பருப்பையும் அடியோடு நிறுத்தியிருந்தார். அடுத்த கிளினிக்குக்கு நானும் கூடப் போனேன். அங்கே அறிந்ததை உங்களுக்கும் சொல்கிறேன்.

அந்தக் குளிசை சோடியம் பைகாபனேற்று. நாம் உண்ணும் புரதத்தை உடல் பயன்படுத்தும்போது அமிலம் உண்டாகிறது. அதை வெளியேற்றுவது சிறுநீரகம். சிறுநீரகம் பழுதடைந்தால் அமிலம் இரத்தத்தில் தேங்கும். அப்போது உடல் தன் தசையையே உடைக்கத் தொடங்கும். அதனால் யூரியாக் கழிவும் கூடும். ஆகவே இந்த மெலிவு சாப்பாட்டுக் குறைவால் மட்டும் வருவதல்ல. பைகாபனேற்று அமிலத்தைத் தணித்து, தசை கரைவதைக் குறைக்கிறது.

லண்டனில் 134 நோயாளரிடம் இரண்டு வருடங்கள் நடந்த ஆய்வு 2009இல் வெளியானது. இக்குளிசை எடுத்தவர்களில் 6.5 வீதமானோருக்கே சிறுநீரகம் முற்றாகச் செயலிழந்தது. எடுக்காதவர்களில் அது 33 வீதம். பின்வந்த எல்லா ஆய்வுகளிலும் இவ்வளவு பலன் தெரியவில்லை. எனவே யாருக்கு, எவ்வளவு என்பதை இரத்தப் பரிசோதனையைப் பார்த்து வைத்தியரே தீர்மானிக்க வேண்டும்.

அப்பச்சோடாவும் இதுதானே என்று நீங்களாகவே கரைத்துக் குடிக்காதீர்கள். அதிலுள்ள சோடியம் வீக்கத்தையும் இரத்த அழுத்தத்தையும் கூட்டும்.

புரதத்தை அளவோடு உண்ண வேண்டும், அடியோடு நிறுத்தக்கூடாது. 50 கிலோ எடையுள்ள நோயாளிக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 40 கிராம் தேவை. ஒரு முட்டையில் 6 கிராம் அளவு உண்டு. இரத்தச் சுத்திகரிப்புச் செய்பவர்களுக்கு இன்னும் கூடுதலாக வேண்டும்.

1990களில் வடமத்திய மாகாணத்தில் கண்டறியப்பட்ட, காரணம் தெளிவாகாத சிறுநீரக நோய் எங்கள் வவுனியா, முல்லைத்தீவுப் பக்கங்களிலும் உண்டு. தொடக்கத்தில் அது எந்த அறிகுறியும் காட்டாது. வயலில் வேலை செய்பவர்கள் இரத்தத்தையும் சிறுநீரையும் பரிசோதித்துக்கொள்ளுங்கள். தரும் ஒவ்வொரு குளிசையும் எதற்கென்று கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

அக்கா இப்போது குளிசையை விடுவதில்லை. கை உடனே தேறிவிடவில்லை. ஆனாலும் போன மாதம், “அரை வாளி அள்ளுறன் தங்கச்சி” என்றார்.