கருப்பு மணலும் வெள்ளைப் பூச்சும்

வெள்ளை நிறம் வானத்திலிருந்து விழுவதில்லை தோழர்களே. கருப்பு மணலை அள்ளித்தான் அதைச் செய்யறாங்க. இல்மனைட் என்கிற கருப்புக் கடல்மணலிலிருந்து எடுக்கப்படுவது டைட்டானியம் டை ஆக்சைடு. முகப்பவுடர், கிரீம், சுவர்ப் பெயிண்ட் எல்லாத்துக்கும் வெள்ளை கொடுப்பது அதுதான்.

அதில் ஒரு சங்கடம். வெயிலின் புற ஊதாக் கதிர் பட்டால் அது சும்மா இருக்காது. வினையூக்கியாக மாறி, கூட இருக்கிற எண்ணெயைச் சிதைக்கும். மாற்றுத் தேடிய வேதியியலாளர்கள் அரிய மண் தனிமங்களிடம் போனார்கள். சீரியம் ஆக்சைடும் புற ஊதாவைத் தடுக்கும், ஆனால் மஞ்சளடிக்கும். பாஸ்பேட்டாக்கினால் வெளுக்கும், வினையும் அடங்கும். 2003-இல் ஜப்பானின் ஒசாகா பல்கலைக்கழகத்தார் சீரியம்-டைட்டானியம் பாஸ்பேட்டை இதற்காகவே செய்து காட்டினார்கள். நல்ல வேலைதான். அதைப் பழிப்பது என் நோக்கமில்லை.

என் கேள்வி வேற. நான் வங்கிக் குமாஸ்தா. ஒரு பக்கம் வரவு எழுதினால் மறுபக்கம் பற்று எழுதாமல் கணக்கை முடிக்க முடியாது. பூசிக்கொள்கிறவரின் தோலுக்குப் பாதுகாப்பு என்பது வரவு. பற்று யார் பேரில்?

உலகின் அரிய மண்ணில் பெரும்பங்கு சீனாவிலிருந்து வருகிறது. அங்கே பாவுதோ நகரத்துக்கு வெளியே கழிவு ஒரு ஏரியாகவே நிற்கிறது. நம்ம குமரிக் கரைக்கு வாங்க. மணவாளக்குறிச்சி மணலில் 1909-இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர் மோனசைட்டைக் கண்டார். அந்த மோனசைட்டே சீரியமும் லாந்தனமும் கலந்த பாஸ்பேட்தான். கூடவே கதிர்வீசும் தோரியம். சீரியம் பிரிந்து கம்பெனிக்குப் போய்விடும். தோரியத்தைத் தலைமுறை தலைமுறையாக யாராவது காவல் காக்கணும். 2024-இல் கிள்ளியூர் தாலுகாவில் 1,144 ஹெக்டேரில் மணல் எடுக்கும் திட்டத்தை எதிர்த்துக் கடற்கரை ஊர்க்காரர்கள் திரண்டது சும்மாவா?

இத்தனையும் எதுக்கு? கருப்பாப் பிறந்ததே குறைன்னு நம்ப வைக்கவும்தானே! 'ஃபேர் அண்ட் லவ்லி' 2020-இல் 'க்ளோ அண்ட் லவ்லி' ஆனது. டப்பாவில் பேர் மாறிடுச்சு. பொண்ணு பார்க்க வர்றவன் கண்ணு மாறிடுச்சா? நிறத்தைப் பார்த்துச் சாதியைக் கணக்குப் போடுற கண்ணு மாறிடுச்சா?

வெயிலுக்குப் பூசுவதை யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் தோலுக்கு ஆகுமா என்று ஆய்வுக்கூடத்தில் கேட்கிறவர்கள், மணல் அள்ளுகிறவன் தோலையும் சேர்த்துக் கேட்கட்டும். எந்தக் கரை மணல், அள்ளியவருக்கு என்ன கூலி, கழிவு எங்கே கிடக்கிறது, இந்த மூன்றையும் டப்பாவின் மேல் அச்சடிக்கட்டும். அதுவரை இந்த வெள்ளைக் கணக்கில் நான் கையெழுத்துப் போட மாட்டேன். நீங்களும் போடாதீங்க.