பொறியியல் வகுப்பில் எழும் ஏமாற்றம்

மலாக்கா மாநிலத்தின் தமிழ்க் குடும்பமொன்றில் ஒரு பிள்ளைக்குப் பொறியியல் படிக்கப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்துவிட்டால், அந்தச் செய்தி ஒரு வீட்டோடு நிற்பதில்லை. கோயில் வாசலிலும் காப்பிக் கடையிலும் “அவங்க வீட்டுப் பையன் எஞ்சினியருக்குப் படிக்கிறான்” என்று பேசப்படும். ஆனால், முதலாண்டு முடிவதற்குள் அந்தப் பிள்ளையின் மனத்தில் எழும் கேள்வி பெரும்பாலும் யார் காதிலும் விழுவதில்லை. ‘இதைப் படிக்கவா இங்கு வந்தேன்?’ என்பதே அந்தக் கேள்வி. இவ்வாறு ஒரு மாணவர் ஏமாற்றம் அடைவது சோம்பலும் அன்று. நன்றி மறந்த செயலும் அன்று. அதற்குக் காரணங்கள் உண்டு. அவற்றுள் சில பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவை. சிலவோ, மாணவர் பல்கலைக்கழகத்துக்குள் நுழைவதற்கு முன்பே தொடங்கிவிட்டவை.

பொறியாளர் என்ற சொல்லுக்கு இந்த மண்ணில் தனி மதிப்பு உண்டு. 1896ஆம் ஆண்டு டான் சாய் யான் என்பவர் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் 40 ஏக்கர் நிலத்தில் ரப்பர் பயிரிட்டார். மலாயாவில் வாணிக நோக்கில் அமைந்த முதல் ரப்பர்த் தோட்டம் அது. பின்னர்ப் பெருகிய தோட்டங்களில் தமிழர்கள் தலைமுறை தலைமுறையாகப் பால்மரம் வெட்டினார்கள். வெயிலிலும் மழையிலும் உழைத்தவர்களுக்கு, கூரையின்கீழ் இயந்திரத்தோடு செய்யும் வேலை ஒரு படி மேலானதாகத் தெரிந்ததில் வியப்பில்லை. 1970களில் பத்து பெரண்டாம் வட்டாரத்தில் மின்னணுத் தொழிற்சாலைகள் வந்தபோது, தோட்டத்துப் பிள்ளைகள் பலர் அங்கே வேலைக்குப் போனார்கள். உற்பத்தி வரிசையில் நின்றவர்கள், அதே கட்டடத்தில் பொறியாளருக்குக் கிடைத்த மரியாதையை நாள்தோறும் பார்த்தார்கள். தம் பிள்ளை அந்த இடத்துக்கு வரவேண்டும் என்று அவர்கள் விரும்பியது இயல்பே.

அந்த விருப்பம் நிறைவேற வழிகளும் அருகிலேயே அமைந்தன. 2000ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாள் நிறுவப்பட்டு, 2007இல் மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் மலாக்கா என்னும் நிலையை எட்டிய கல்விக்கூடம் டுரியான் துங்காலில் இருக்கிறது. புக்கிட் பெருவாங்கில் மல்டிமீடியா பல்கலைக்கழகமும், மெர்லிமாவில் பாலிடெக்னிக் கல்லூரியும் உள்ளன. ஆகவே, இடம் கிடைப்பது முன்போல் எட்டாக் கனியாக இல்லை. உள்ளே போனபின் என்ன காத்திருக்கிறது என்பதைச் சொல்லித்தரத்தான் ஆள் குறைவு.

ரோபோவைச் செய்து பார்க்கலாம், மோட்டாரைப் பிரித்துக் கோக்கலாம் என்று எண்ணிச் செல்லும் மாணவரை, எந்தப் பல்கலைக்கழகமானாலும், முதலில் வரவேற்பது நுண்கணிதம். அதன்பின் வகைக்கெழுச் சமன்பாடுகள், இயற்பியல், விசைகளைக் கணக்கிடும் நிலையியல், கணினி நிரலாக்கம் ஆகியவை வரிசையாக வருகின்றன. விரிவுரை மண்டபத்தில் நூற்றுக்கும் மேற்பட்டோர் அமர்ந்திருக்கலாம். எஸ்.டி.பி.எம். அல்லது மெட்ரிகுலேஷன் வகுப்பில் பெயர் சொல்லி அழைத்த ஆசிரியர் அங்கே இல்லை. செய்முறை வகுப்பிலோ, முன்கூட்டியே எழுதிக் கொடுக்கப்பட்ட படிகளைப் பின்பற்றி, முன்பே தெரிந்த விடையைப் பெறவேண்டியிருக்கிறது. தமிழ்ப்பள்ளியில் தொடங்கி, இடைநிலைப்பள்ளியில் மலாய்மொழியில் பயின்று, இப்போது ஆங்கிலப் பாடநூலைப் புரட்டும் மாணவருக்குச் சுமை இன்னும் கூடுகிறது.

இந்தக் கணிதமெல்லாம் வீண் என்று முடிவு கட்டுவது தவறு. கூரைச் சட்டத்தின் எந்தக் கம்பி இழுவிசையைத் தாங்குகிறது, எது அழுத்தத்தைத் தாங்குகிறது என்று அறியாமல் ஒருவர் கூரை அமைக்கலாம். அது நிற்கவும் செய்யலாம். ஆனால், அது எந்தக் காற்றில் சாயும் என்பதை அவரால் முன்கூட்டிச் சொல்ல முடியாது. முன்கூட்டிச் சொல்லி, அதற்குப் பொறுப்பேற்றுக் கையொப்பம் இடுவதே பொறியாளரின் வேலை. அந்த ஆற்றல் கணிதமின்றி வாராது. மாணவரின் குறை கணிதம் இருக்கிறது என்பதாக இருந்தால், அவர் தம்மைத்தான் மாற்றிக்கொள்ள வேண்டும். அந்தக் கணிதம் எதற்கு என்று யாரும் காட்டவில்லை என்பதே குறையானால், நியாயம் அவர் பக்கம் இருக்கிறது.

செம்பனை ஆலையை எடுத்துக்கொள்ளலாம். ஜாசின் பக்கத்துப் பிள்ளைகள் பலருக்கு அதன் வாசனையே பழக்கமானது. பறித்த பழக்குலைகளைக் காலம் தாழ்த்தாமல் ஆலைக்குக் கொண்டுவருகிறார்கள். தாமதித்தால் பழத்திலுள்ள நொதியால் எண்ணெயில் அமிலம் ஏறித் தரம் கெடும். குலைகளைப் பெரிய கலனில் அடைத்து, ஏறத்தாழ 140 பாகை செல்சியஸ் வெப்பமுள்ள நீராவியில் ஒரு மணி நேரத்துக்கும் மேலாக வேகவைக்கிறார்கள். அதனால் நொதி செயலிழக்கிறது; பழங்களும் குலையிலிருந்து எளிதில் உதிர்கின்றன. அந்த நீராவி எங்கிருந்து வருகிறது? எண்ணெய் பிழிந்தபின் எஞ்சும் நாரையும் கொட்டை ஓட்டையும் எரித்துக் கொதிகலனில் உண்டாக்குகிறார்கள். உயர் அழுத்தத்தில் வெளிவரும் நீராவி முதலில் டர்பைனைச் சுழற்றி ஆலைக்கு மின்சாரம் தருகிறது. அழுத்தம் தணிந்து வெளியேறும் அதே நீராவி பழத்தை வேகவைக்கப் போகிறது. கழிவே எரிபொருள், ஒரே நீராவிக்கு இரண்டு வேலை. வெப்ப இயக்கவியல் என்னும் பாடத்தின் பெரும்பகுதி இந்த ஓர் ஆலைக்குள் அடங்கிவிடும்.

ஆயினும், ஆலைக்குப் பக்கத்தில் வளர்ந்த மாணவர் ஒருவர், நீராவி அட்டவணையை ஒரு பருவம் முழுவதும் மனப்பாடம் செய்து தேர்வெழுதிவிட்டு, அது தம் தந்தை வேலை செய்யும் கொதிகலனைப் பற்றியது என்பதை அறியாமலேயே போகக்கூடும். பாடத்தை நடத்தியவரும் ஆலைக்குள் கால் வைக்காதவராக இருந்தால் அதைச் சொல்ல ஆளில்லை. கேள்வி எழுவதற்கு முன்பே விடையைத் திணிப்பது இதுதான். பல்கலைக்கழகங்கள் ஏற்கவேண்டிய குற்றச்சாட்டும் இதுதான்.

இது மலேசியாவுக்கு மட்டும் உரிய சிக்கல் அன்று. அமெரிக்காவில் 1955ஆம் ஆண்டு வெளிவந்த கிரிண்டர் அறிக்கை, பொறியியல் படிப்பில் அறிவியலும் கணிதமும் வலுப்பெற வேண்டும் என்றது. அதன்பின் பட்டறைப் பயிற்சி சுருங்கி, சமன்பாடுகள் பெருகின. அரை நூற்றாண்டுக்குள் எதிர்க்குரல் எழுந்தது. எம்.ஐ.டி. கல்விக்கழகமும் சுவீடன் நாட்டின் மூன்று பல்கலைக்கழகங்களும் ஒன்றுசேர்ந்து, மாணவர் ஒன்றைக் கருதி, வடிவமைத்து, செய்து, இயக்கிப் பார்ப்பதையே படிப்பின் நடுநாயகமாக வைக்கும் முறையை உருவாக்கின. பின்னர்ப் பல நாடுகள் அதைப் பின்பற்றின. மாணவரின் முணுமுணுப்பில் உண்மை இருந்ததால்தான் பெரிய கல்விக்கூடங்களே தம் வழியை மாற்றிக்கொண்டன.

மற்றொரு காரணம் வீட்டிலும் பள்ளியிலும் இருக்கிறது. மலேசியாவில் பொறியியல் என்ற பெயரில் இரண்டு வகைப் பட்டங்கள் உள்ளன என்பது விண்ணப்பம் எழுதும் பலருக்குத் தெரிவதில்லை. ஒன்று, பொறியியல் இளங்கலைப் பட்டம். இது கோட்பாட்டுக்கும் வடிவமைப்புக்கும் முதலிடம் தருவது. 2009இல் மலேசியா வாஷிங்டன் உடன்பாட்டில் முழு உறுப்பினரானதால், இங்கே முறையாக அங்கீகரிக்கப்பட்ட பட்டத்தை மற்ற உறுப்பு நாடுகளும் இணையானதாக மதிக்கின்றன. இப்பட்டம் பெற்றவர் பொறியாளர் வாரியத்தில் பட்டதாரிப் பொறியாளராகப் பதிந்து, சில ஆண்டு அனுபவத்துக்குப் பிறகு தேர்வெழுதி, தொழில்முறைப் பொறியாளர் ஆகலாம். மற்றொன்று, பொறியியல் தொழில்நுட்ப இளங்கலைப் பட்டம். இதில் செய்முறைக்கு இடம் அதிகம். இவர்களுக்காகவே 2015ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் மலேசியத் தொழில்நுட்பவியலாளர் வாரியம் அமைக்கப்பட்டது. கையால் செய்வதில் மகிழ்பவர் முதலாவதில் சேர்ந்து வாடுவதும், ஆய்வில் நாட்டமுள்ளவர் இரண்டாவதில் சேர்ந்து சலிப்பதும் அறியாமையால் நேர்பவை. பாலிடெக்னிக் டிப்ளோமாவைத் தாழ்வாக எண்ணும் வழக்கமும் இதில் சேரும். பட்டறையில் சிறந்து விளங்கக்கூடிய பிள்ளையை, உறவினர் என்ன சொல்வார்களோ என்று அஞ்சிப் பட்டப்படிப்புக்குத் தள்ளுகிறார்கள்.

ஏமாற்றத்தைவிடக் கொடியது, அதைச் சொல்ல முடியாத நிலை. பி.டி.பி.டி.என். கடன், அம்மாவின் அடகு நகை, கோயிலில் கிடைத்த பாராட்டு மாலை, இவையெல்லாம் அந்த மாணவரின் வாயை அடைக்கின்றன. விடுமுறைக்கு வீட்டுக்கு வந்து, “படிப்பு நல்லாப் போகுதுப்பா” என்று சொல்லிவிட்டுத் திரும்புகிறார். மதிப்பெண் சரிந்து, தகுதி இழந்த கடிதம் வந்த பிறகுதான் குடும்பத்துக்குச் செய்தி தெரிகிறது. முதலாண்டிலேயே கல்வி ஆலோசகரிடம் மனம்விட்டுப் பேசியிருந்தால், துறையை மாற்றவோ, தொழில்நுட்பப் பட்டத்துக்கு நகரவோ, அதே படிப்பில் வேறு முறையில் முயலவோ வாய்ப்பு இருந்திருக்கும். ஆண்டுகள் செல்லச் செல்லக் கடன் தொகை ஏறுகிறது. மாற்றிச் சேரும் கதவும் குறுகுகிறது.

தொழிற்பயிற்சி பெரும்பாலும் படிப்பின் பிற்பகுதியிலேயே வைக்கப்படுகிறது. அப்போதுதான் பலர் முதன்முறையாக ஆலைக்குள் நுழைகிறார்கள். இது தமக்கு ஏற்ற துறைதானா என்பதும் அப்போதே புரிகிறது. முதல் பருவத்திலேயே சில நாள்களை இதற்கென ஒதுக்கினால் என்ன? டுரியான் துங்காலிலிருந்து பத்து பெரண்டாம் அதிகத் தொலைவில் இல்லை. ஜாசின் ஆலைகளுக்கும் ஒரு மணி நேரத்தில் போய்ச் சேரலாம். ஐந்தாம் படிவ மாணவர்களையும் அந்தப் பேருந்தில் ஏற்றிக்கொண்டால், அவர்கள் விண்ணப்பப் பாரத்தை நிரப்புவதற்கு முன்பே கொதிகலனைப் பார்த்திருப்பார்கள்.