17 பேர்தானே என்று இருந்தார்கள்!

ஐப்பசி மழை கொட்டித் தீர்த்துவிட்டது. கடலூரில் கெடிலம் ஆறு கரை புரண்டு ஓடி அடங்கிவிட்டது. சிதம்பரம் பக்கத்து வயல்களில் தண்ணீர் வடிந்துவிட்டது. மக்கள் பெருமூச்சு விடுகிறார்கள்.

ஆனால், மழைக்குப் பின்னால் இன்னொரு விருந்தாளி வருகிறது. அதுதான் காய்ச்சல்!

பிள்ளைக்கு உடம்பு சுடுகிறது. தாய் என்ன செய்கிறாள்? தெருமுனை மருந்துக் கடைக்கு ஓடுகிறாள். "காய்ச்சலுக்கு ஒரு மாத்திரை கொடுங்கள்" என்கிறாள். பிள்ளை எழுந்து விளையாடினால், மீதி மாத்திரை அலமாரிக்குப் போய்விடுகிறது.

இது சின்ன விஷயமா? இல்லை. ஒரு நாடே இப்படி இருந்து ஏமாந்த கதை உண்டு. அந்த நாடு தொலைவில் இல்லை. கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் இலங்கைதான்.

வறட்சியில் வந்த எமன்

1934-ம் ஆண்டு. இலங்கையில் மழை பொய்த்தது. ஓடிக்கொண்டிருந்த ஆறுகள் வற்றிக் குட்டை குட்டையாகத் தேங்கின. அந்தக் குட்டைகளில் மலேரியாக் கொசு முட்டையிட்டது, பல்கிப் பெருகியது.

விளைவு? 1934, 1935-ம் ஆண்டுகளில் ஏறத்தாழ 80,000 பேர் மாண்டார்கள். வீட்டுக்கு வீடு அழுகுரல். வயலில் இறங்க ஆள் இல்லை.

1946-ல் இலங்கை விழித்தெழுந்தது. வீடு வீடாகப் போய் டி.டி.டி. மருந்து தெளித்தார்கள். காய்ச்சல்காரர்களைத் தேடிப் பிடித்து மாத்திரை கொடுத்தார்கள். ஆண்டுக்கு ஆண்டு நோய் குறைந்தது.

1963-ல் கணக்கு எடுத்தார்கள். அந்த ஆண்டு முழுவதும், நாடு முழுவதும் மலேரியா கண்டவர்கள் எத்தனை பேர் தெரியுமா? வெறும் 17 பேர்!

கை தட்டினார்கள். "இனிப் பயம் இல்லை" என்றார்கள். மருந்து தெளிப்பதை நிறுத்தினார்கள். காய்ச்சல்காரர்களைத் தேடுவதும் தளர்ந்தது.

மலேரியா மட்டும் ஓய்வு எடுக்கவில்லை. 1969-ல் அந்த ஒரே ஆண்டில் 5 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் படுக்கையில் விழுந்தார்கள். மறுபடியும் மருந்தை எடுத்தார்கள். ஆனால், அதற்குள் டி.டி.டி.க்குச் சாகாத கொசுக்கள் தோன்றிவிட்டன. 17 பேரோடு முடிந்திருக்க வேண்டிய போராட்டம், மேலும் சுமார் ஐம்பது ஆண்டுகள் நீண்டது.

ஏழை நாட்டின் வெற்றி

இலங்கை பணக்கார நாடு அல்ல. உள்நாட்டுப் போரும் அதை வாட்டி எடுத்தது. ஆயினும் அது மனம் தளரவில்லை. அந்த மண்ணிலேயே தொற்றிய கடைசி மலேரியா நோயாளி 2012-ல் கண்டுபிடிக்கப்பட்டார். 2016 செப்டம்பரில், "மலேரியா இல்லாத நாடு" என்று உலக சுகாதார நிறுவனம் சான்று வழங்கியது. அதே ஆண்டில் யானைக்கால் நோயையும் ஒழித்த பெருமை அதற்குக் கிடைத்தது.

எப்படி முடிந்தது? பெரிய கட்டிடங்களால் அல்ல. களுத்துறையில் 1926-லேயே ஒரு சுகாதாரப் பிரிவைத் தொடங்கினார்கள். அங்கே தொடங்கிய முறை நாடு முழுவதும் பரவியது. மருத்துவிச்சி வீட்டு வாசலுக்கே வருவாள். கர்ப்பிணியின் பெயர், குழந்தையின் எடை, தடுப்பூசி போட்ட நாள் எல்லாம் அவள் ஏட்டில் இருக்கும். நோயாளி வரட்டும் என்று காத்திருக்காமல், நோயைத் தேடிப் போனார்கள். அதுதான் ரகசியம்!

சான்று வாங்கிய பிறகும் அவர்கள் ஓயவில்லை. வெளிநாட்டிலிருந்து காய்ச்சலோடு வருகிறவர்களுக்கு இன்றும் இரத்தப் பரிசோதனை செய்கிறார்கள். 17 பேர் கற்றுக்கொடுத்த பாடம் அது.

தோற்ற இடம் எது?

ஆனால், அதே இலங்கை இன்னொரு கொசுவிடம் திணறுகிறது. 2017-ல் அங்கே 1,80,000-க்கும் மேற்பட்டவர்களுக்கு டெங்குக் காய்ச்சல் கண்டது. மலேரியாவை வென்ற நாடு டெங்குவிடம் ஏன் திணற வேண்டும்?

காரணம் இதுதான். அங்கே மலேரியாக் கொசு பிறந்தது ஆற்றங்கரையில். அங்கே அரசாங்கம் போக முடிந்தது. டெங்குக் கொசு பிறப்பது வீட்டுக்குள்ளே! அண்டாவில், பிளாஸ்டிக் டிரம்மில், மூடாத தொட்டியில், பழைய டயரில், கொல்லையில் கிடக்கும் தேங்காய்ச் சிரட்டையில். சாக்கடையை விட, நாம் குடிக்கும் நல்ல தண்ணீரே அதற்குப் பிடிக்கும். கடிப்பதும் பெரும்பாலும் பகலில்தான்.

அங்கே அரசாங்கத்தின் கை மட்டும் போதாது. வீட்டுக்காரரின் கையும் வேண்டும்.

கடலூரானாலும் சிதம்பரமானாலும் இதுதான் நிலை. குழாயில் தண்ணீர் வராத நாளுக்கென்று பிடித்து வைக்கிறோம். அதில் தப்பு இல்லை. மூடாமல் வைப்பதுதான் தப்பு. முட்டை கொசுவாகப் பறக்க ஒரு வாரம், பத்து நாள் போதும். ஆகவே, வாரம் ஒரு நாள் பாத்திரத்தைக் கவிழ்த்து, உட்புறத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும். வெறுமனே தண்ணீரைக் கொட்டினால் போதாது. சுவரில் ஒட்டிய முட்டை, காய்ந்தாலும் பல மாதம் சாகாது!

தாய்மார்கள் கவனிக்க

காய்ச்சல் கண்டால் அருகில் உள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். டாக்டர் சொன்னால் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். "ஊசி போட்டால்தான் வைத்தியம்" என்று டாக்டரை வற்புறுத்தாதீர்கள். டெங்குவாக இருந்தால், ஆஸ்பிரின் போன்ற வலி மாத்திரைகள் இரத்தக் கசிவை உண்டாக்கிவிடும். கடையில் கேட்டு வாங்கி விழுங்காதீர்கள். கஞ்சி, மோர், இளநீர் என்று நீராகாரம் நிறையக் கொடுங்கள்.

காய்ச்சல் இறங்கியதும் "பிழைத்தோம்" என்று இருந்துவிடக் கூடாது. டெங்குவில் ஆபத்து அப்போதுதான் தொடங்கும். கடுமையான வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ இரத்தம், சிறுநீர் குறைதல், பிள்ளை சோர்ந்து கிடத்தல் - இவற்றில் ஒன்றைக் கண்டாலும் தாமதிக்காதீர்கள். 108-க்குப் போன் செய்யுங்கள். கடலூரில் அரசு தலைமை மருத்துவமனை இருக்கிறது. சிதம்பரத்தில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது.

மலேரியா என்று தெரிந்தால், கொடுத்த மாத்திரை முழுவதையும் சாப்பிட்டு முடியுங்கள். ஒரு வகை மலேரியாக் கிருமி கல்லீரலில் ஒளிந்திருந்து, பல மாதம் கழித்துக்கூடத் தலை தூக்கும். அதை ஒழிக்கத்தான் 14 நாள் மாத்திரை. மூன்றாம் நாளே நிறுத்தினால் எதிரியை வீட்டில் வைத்துப் பூட்டியது போலாகும்!

இருவர் கடமை

மக்களுக்கு மட்டும் புத்தி சொல்லிப் பயன் இல்லை. கிராமத்துத் துணை சுகாதார நிலையத்தில் நர்ஸ் பணியிடம் காலியாக இருக்கக் கூடாது. குழாயில் ஒழுங்காகத் தண்ணீர் வந்தால் அண்டாவில் சேர்க்கும் தேவையே குறையும். கொசு மருந்து அடிப்பவர்கள், யாராவது செத்த பிறகு புகை வண்டியோடு வரக் கூடாது. காய்ச்சல் இல்லாத மாதத்திலும் வர வேண்டும்.

17 பேரை அலட்சியம் செய்தது ஒரு நாடு. 5 லட்சம் பேர் அதற்கு விலை கொடுத்தார்கள்.

கொல்லையில் கிடக்கும் ஒரு சிரட்டை அதை விடச் சிறியதுதான். இன்று ஞாயிற்றுக்கிழமை. எல்லாரும் வீட்டில் இருக்கும் நாள். அந்தச் சிரட்டையைக் கவிழ்த்து வைக்க ஒரு நிமிடம்கூட ஆகாது!