இறந்த தாயின் பிறப்பை அறியும் உரிமை யாருக்கு?

இடம்பெயர்ந்தவர்களுக்குக் கடதாசியின் அருமையை எவரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. காணி அனுமதிப்பத்திரத்தையும் பிறப்பத்தாட்சிப் பத்திரத்தையும் பொலித்தீன் பையில் சுற்றி மடியில் கட்டிக்கொண்டு வாவியைக் கடந்தவர்கள் நீங்கள். 1990இலும், மீண்டும் 2006, 2007ஆம் ஆண்டுகளிலும் படுவான்கரையிலும் வாகரையிலும் இருந்து வெளியேறிய குடும்பங்கள் பல, அதைக்கூட எடுக்க நேரமின்றி ஓடின. ஆனால் இன்று நாம் பேச விரும்புவது தொலைந்துபோன கடதாசியைப் பற்றி அல்ல. அரச அலுவலகத்தில் பத்திரமாக இருந்தும், உரியவரின் பிள்ளைகள் பார்க்க முடியாதிருக்கும் கடதாசியைப் பற்றியே.

எடுத்து வளர்க்கப்பட்ட ஒரு தாய் இறந்துவிடுகிறாள். அவள் உயிரோடிருந்த காலத்தில் தன்னைப் பெற்றவள் யாரென்று கேட்கவில்லை. வளர்த்தவர்களின் மனம் நோகும் என்று அஞ்சினாள். சோறு போட்ட கைக்குத் துரோகம் என்றும் எண்ணினாள். அவளை அடக்கம் செய்த பின்னர் பிள்ளைகள் கேட்கிறார்கள்: “எங்கள் அம்மா யாருடைய மகள்?”

இது வீண் ஆவல் அல்ல. எமது வாவிக்கரையில் குடி தாய்வழியே வருகிறது. ஒரே குடிக்குள் பெண் கொடுப்பதும் எடுப்பதும் இல்லை. கோயில் உரிமைகளும் பல ஊர்களில் குடிமுறைப்படியே பகிரப்படுகின்றன. ஆகவே தாயின் பிறப்பு தெரியாத பிள்ளைக்குக் கலியாணப் பேச்சிலேயே சிக்கல் தொடங்குகிறது. வைத்தியசாலையில் “தாய்வழியில் யாருக்கும் இந்த வருத்தம் இருந்ததா?” என்று கேட்டால் அதற்கும் அவர்களிடம் பதில் இல்லை. இடப்பெயர்வால் ஊரையும் அயலையும் இழந்தவர்களுக்கு, கேட்டறியக்கூடிய கிழவிகளும் இன்று இல்லை. எஞ்சியிருப்பது பதிவேடு ஒன்றுதான்.

சட்டம் என்ன சொல்கிறது? 1941ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கப் பிள்ளைகளை மகவேற்றல் கட்டளைச் சட்டமே இன்றும் அடிப்படை. நீதிமன்றம் மகவேற்புக் கட்டளை வழங்கியதும், பதிவாளர் நாயகம் மகவேற்ற பிள்ளைகளின் பதிவேட்டில் புதிய பதிவைச் செய்கிறார். பழைய பிறப்புப் பதிவில் குறிப்பு இடப்படுகிறது. இந்த இரண்டையும் இணைத்துக் காட்டும் ஏடுகள் தனியே வைக்கப்படுகின்றன. அவற்றைப் பொதுமக்கள் பார்வையிட முடியாது. நீதிமன்றத்தின் கட்டளை இருந்தால் மாத்திரமே அதிலுள்ள விபரம் வெளியே வரும். கதவு முற்றாக அடைக்கப்படவில்லை. ஆனால் வயலும் கூலியும் நம்பி வாழும் குடும்பத்துக்கு நீதிமன்றப் படி மிக உயரமானது. மகவேற்கப்பட்டவர் இறந்த பின் அவருடைய பிள்ளைகள் செல்வதற்கென இலகுவான தனிவழி எதையும் சட்டம் வகுக்கவில்லை.

இந்தப் பூட்டுக்கு ஒரு நியாயம் உண்டு என்பதை நாம் மறுக்கவில்லை. மணமாகாத ஒரு பெண், ஊரின் நாவுக்கு அஞ்சிப் பிள்ளையைக் கொடுத்திருக்கலாம். இன்று அவள் இன்னொரு வீட்டின் பாட்டியாக இருக்கலாம். அவளுக்குக் கொடுத்த வாக்கை நாம் மீறக் கூடாது. ஆனால் அவளும் இறந்து, அவள் பெற்ற மகளும் இறந்த பின்னர், அந்தப் பூட்டு யாரைக் காக்கிறது?

எமது சட்டத்துக்கு முன்மாதிரியாக இருந்த இங்கிலாந்து, 1975ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் வயதுவந்த மகவேற்கப்பட்டோருக்குத் தமது பிறப்புப் பதிவைப் பெறும் உரிமையைக் கொடுத்தது. 2014இல் அவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இடைநிலை முகவரகங்களின் உதவியோடு உறவினரைத் தேட வழி திறந்தது. அங்கும் உயிரோடிருக்கும் உறவினரின் சம்மதம் கேட்கப்படுகிறது. அயர்லாந்தின் 2022ஆம் ஆண்டுச் சட்டம், மகவேற்கப்பட்டவர் இறந்திருந்தால் அவருடைய பிள்ளையும் விண்ணப்பிக்க இடமளிக்கிறது. தாயின் மானத்தையும் பிள்ளையின் உரிமையையும் ஒருங்கே காக்க முடியும் என்பதற்கு இவை சான்று.

பதிவேடு எப்போதும் உண்மை பேசும் என்றும் நம்பிவிட முடியாது. 1973 முதல் 1997 வரை இலங்கையிலிருந்து 881 பிள்ளைகள் சுவிற்சர்லாந்துக்கு மகவேற்புக்காகக் கொண்டுசெல்லப்பட்டனர். அக்காலத்து வெளிநாட்டு மகவேற்புகளில் கூலிக்குத் தாயாக நடித்த பெண்கள் இருந்ததும், பத்திரங்கள் பொய்யாக எழுதப்பட்டதும் பின்னர் வெளிச்சத்துக்கு வந்தன. அப்படியான இடத்தில் மரபணுச் சோதனை கைகொடுக்கும். 2004 ஆழிப்பேரலையின் பின், கல்முனை வைத்தியசாலையில் 81ஆம் இலக்கம் இடப்பட்ட குழந்தையின் பெற்றாரை, 2005 பெப்ரவரியில் அச்சோதனையைக் கொண்டே நீதிமன்றம் உறுதிசெய்தது.

ஆகவே நாம் கேட்பது இதுதான். மகவேற்கப்பட்டவர் இறந்திருந்தால், அவருடைய பிள்ளைகள் மரண அத்தாட்சிப் பத்திரத்தோடு பிரதேச செயலகத்திலேயே விண்ணப்பிக்கும் வகையில் சட்டம் திருத்தப்பட வேண்டும். பெற்றவள் உயிரோடிருந்தால், நன்னடத்தை, சிறுவர் பராமரிப்பு உத்தியோகத்தர் இரகசியமாக அவளிடம் சம்மதம் கேட்க வேண்டும். அவள் மறுத்தால், பெயரின்றி நோய் விபரத்தையும் குடியையும் மட்டுமாவது தெரிவிக்கலாம்.

அரசிடம் கேட்கும் நாம் எமது அலுமாரிகளையும் திறக்க வேண்டும். மகவேற்ற பிள்ளையின் திருமுழுக்கைப் பதியும்போது, குடிசார் பதிவில் பெற்றவர்களின் பெயர் இருந்தால் அதையும், ஆயர் பேரவையின் விதிகளுக்கு அமைய, எழுதுமாறு 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பு பணிக்கிறது. எனவே பங்கு ஏடுகளிலும் பழைய சிறுவர் இல்லங்களின் ஏடுகளிலும் பலருடைய தேடலுக்கு விடை இருக்கக்கூடும். செல்லரித்துப் போகுமுன் அவற்றைப் பேணுவதும், உரிய பிள்ளை வந்து கேட்கும்போது தட்டிக்கழிக்காமல் தேடிக் கொடுப்பதும் எமது கடமை.

உங்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் தாயோ தந்தையோ மகவேற்கப்பட்டவராக இருந்து இறந்திருந்தால், அவருடைய மகவேற்புச் சான்றிதழை முதலில் தேடுங்கள். கட்டளை வழங்கிய நீதிமன்றமும் திகதியும் அதில் இருக்கும். அதனுடன் அவருடைய மரண அத்தாட்சிப் பத்திரத்தையும் உங்கள் பிறப்பத்தாட்சிப் பத்திரத்தையும் எடுத்துக்கொண்டு மட்டக்களப்பிலுள்ள சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகத்துக்குச் செல்லுங்கள். வருமானம் குறைந்தோருக்கு அங்கே சட்டத்தரணியின் உதவி கிடைக்கும்.

பிள்ளையை எடுத்து வளர்க்கும் பெற்றாரே, யுத்தத்திலும் ஆழிப்பேரலையிலும் அநாதையான பிள்ளைகளை எவ்வித எழுத்தும் இல்லாமல் நெஞ்சோடு அணைத்தவர்கள் உங்களில் பலர். அவர்களைப் பற்றி உங்களுக்குத் தெரிந்ததை, பெயர், ஊர், குடி, கண்டெடுத்த இடம் எதுவாயினும், ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். உண்மையை அறிந்த பிள்ளை உங்களை விட்டுப் போய்விடாது. அறியாத பிள்ளையின் பிள்ளைகள்தான் நாளை அலுவலகம் அலுவலகமாக அலைய நேரிடும்.