மயங்கி விழுந்த பிள்ளைக்கு ஓர் இ.சி.ஜி.

பள்ளி மைதானத்தில் ஓடிக்கொண்டிருந்த பிள்ளை திடீரென விழுகிறது. கை கால்கள் இழுக்கின்றன; சிறிது நேரத்தில் தானே எழுந்து அமர்கிறது. காலையில் சாப்பிடவில்லை, வெயில் கடுமை, வலிப்பு என ஆளுக்கொரு காரணம் கூறப்படுகிறது. பெரும்பாலும் அவற்றுள் ஒன்று சரியாகவும் இருக்கும். ஆயினும், ஓர் இ.சி.ஜி. எடுக்காமல் அவற்றில் எதையும் ஏற்றுக்கொள்ளலாகாது என்பது எங்கள் உறுதியான கருத்து.

இதயச் செல்லைச் சூழ்ந்துள்ள மெல்லிய சவ்வைச் சோடியமும் பொட்டாசியமும் தாமாகக் கடக்க இயலாது. அவற்றுக்கெனப் புரதத்தாலான நுண்ணிய வழிகள் உள்ளன; அவையே அயனிக் கால்வாய்கள். ஒவ்வொரு துடிப்பின் தொடக்கத்திலும் சோடியம் உள்ளே பாய்கிறது. முடிவில் பொட்டாசியம் வெளியேறிச் செல்லை அடுத்த துடிப்புக்கு ஆயத்தமாக்குகிறது. பொட்டாசியக் கால்வாய் பிறவியிலேயே பழுதுபட்டிருந்தாலும், சோடியக் கால்வாய் முழுதும் மூடாமலிருந்தாலும் இந்த மீட்சி தாமதமாகும். இ.சி.ஜி. தாளில் கியூ முதல் டி வரையுள்ள இடைவெளி நீளும். இதுவே 'நீண்ட கியூ.டி.' நோய். அத்தாமதத்தில் துடிப்பு தாறுமாறாகி, மூளைக்கு இரத்தம் எட்டாமல் மயக்கம் நேர்கிறது. பார்ப்பவர்க்கு அது வலிப்பாகவே தோன்றும். சில வேளைகளில் இதயம் மீள்வதே இல்லை.

எக்கோ பரிசோதனையில் இந்நோய் தெரியாது. இதயத்தின் அமைப்பில் குறையேதும் இராது. எக்கோ நன்றாயிருக்கிறது என்று நிம்மதியடைந்து வீடு திரும்புவது போதாது.

விழுந்ததைக் கண்டவரின் சாட்சியம் எங்களுக்கு மிகப் பெரிது. இந்நோயின் ஒரு வகை ஓட்டத்திலும் நீச்சலிலும் வெளிப்படும், மற்றொன்று அலாரம் போன்ற திடீர் ஒலியில், இன்னொன்று உறக்கத்தில். எனவே, அந்த நொடிக்குச் சற்று முன் என்ன நடந்தது என்பதை நினைவுகூர்ந்து கூறுங்கள்.

குடும்பத்தில் இளவயதினர் எவரேனும் உறக்கத்திலோ நீரிலோ திடீரென இறந்திருந்தால் அதையும் மறைக்காதீர்கள். திருமணப் பேச்சு கெடும் என்ற அச்சம் எங்களுக்குப் புரியாததன்று. ஆனால் பெற்றோரில் ஒருவருக்கு இக்குறை இருப்பின் ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வரும் வாய்ப்பு பொதுவாகப் பாதிக்குப் பாதி. ஒருவருக்கு நோய் உறுதியானால் பெற்றோரும் உடன்பிறந்தாரும் இ.சி.ஜி. எடுத்தே ஆக வேண்டும். முதல் இ.சி.ஜி. சரியாக இருந்தும் சிலருக்குக் குறை இருப்பதுண்டு. அப்போது மரபணுப் பரிசோதனை துணை செய்யும்.

சிகிச்சை உண்டு. பெரும்பாலோர்க்குப் புரோப்ரனலால் போன்ற பீட்டா தடுப்பு மாத்திரைகளை நாள்தோறும் உட்கொள்வதே முதன்மையானது. சிலருக்கு மட்டும் மார்பில் கருவி பொருத்த நேரும். நலமாயிருக்கிறோமே என்று மாத்திரையைத் தாமாக நிறுத்துவதே எங்களை மிகவும் அஞ்ச வைப்பது.

மருந்துக் கடையிலும் எச்சரிக்கை வேண்டும். எரித்ரோமைசின், ஃபுளுகோனசோல், டோம்பெரிடோன் முதலியவை அதே பொட்டாசியக் கால்வாயை அடைக்கக்கூடியவை. காய்ச்சலுக்கோ வாந்திக்கோ மருந்து வாங்குமுன் நோயின் பெயர் எழுதிய சீட்டைக் காட்டுங்கள். கடும் வாந்தி, வயிற்றுப்போக்கின்போது உடலில் பொட்டாசியம் குறையும். அப்போது காத்திராமல் மருத்துவமனைக்கு வாருங்கள்.

பழைய இ.சி.ஜி. தாள்களையும் உடன் கொண்டு வாருங்கள். அவற்றிலுள்ள கோடுகள் நாளடைவில் மங்கிவிடும். எடுத்த அன்றே நகலெடுத்தோ கைபேசியில் படம்பிடித்தோ வைத்துக்கொள்வது நல்லது.