குழி வெட்டுனவங்க கணக்கு

மரம் நடுவது புண்ணியம் என்கிறார்கள். மந்திரி ஒரு கன்றை நட்டு, பூவாளியால் தண்ணீர் ஊற்றிப் படம் எடுத்துக்கொள்கிறார். குழியை வெட்டியது யாரு? இந்தக் கேள்வியைச் சூழலியம் பேசுகிறவர்களும் கேட்பதில்லை. நாம் கேட்போம்.

இரண்டு மீட்டருக்கு ஒரு கன்று என்றால் ஒரு எக்டேருக்கு 2500 குழி. ஒன்றரை அடி நீளம், அகலம், ஆழம் என்று கணக்குப் போட்டால் 200 கனமீட்டருக்கு மேல் மண். அத்தனையையும் மலைச்சரிவில் கடப்பாரையும் மண்வெட்டியுமாகத் தோண்ட வேண்டும். மழை பிடித்ததும் கன்றுகளைத் தலைச்சுமையாக ஏற்ற வேண்டும். ஜீப் போகிற தூரம் வரைக்கும்தான் அதிகாரி. அதற்கு மேலே அட்டைக்கடியும் குளிரும் நம்ம சனத்துக்கு.

நீலகிரியைப் பாருங்கள். சோலையும் புல்வெளியுமாக இருந்த மலைக்கு 19-ஆம் நூற்றாண்டில் வெள்ளைக்காரன் சீகை மரத்தையும் தைல மரத்தையும் கொண்டுவந்தான். சுதந்திரத்துக்குப் பிறகு வனத்துறை அவற்றைப் பெருந்தோட்டமாக்கியது. சீகைப் பட்டை தோல் பதனிடப் போனது. அந்தத் தோல் தொட்டிகளில் இறங்கியவர்களும் பெரும்பாலும் நம்மவர்களே. 2022-இல் தமிழக அரசு அயல் தாவரங்களை அகற்றக் கொள்கை வெளியிட்டது. நல்லது, புல்வெளி திரும்பட்டும். ஆனால் நடச் சொன்னதும் பிடுங்கச் சொல்வதும் மேலிடம். இரண்டுக்கும் குனிகிற முதுகு மட்டும் கூலிக்காரருடையது.

1964 சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 மலையகத் தமிழரை இந்தியாவுக்குப் பங்கு பிரித்தது. பெரும்பாலோர் தலித்துகள். வந்தவர்களில் ஒரு பகுதியினர் 1968-இல் வனத்துறை தொடங்கிய தேயிலைத் தோட்டங்களில் குடியமர்த்தப்பட்டார்கள். 2006 வன உரிமைச் சட்டமோ, பழங்குடி அல்லாதவர் 13.12.2005-க்கு முன் மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டு, காட்டைச் சார்ந்து வாழ்ந்திருக்க வேண்டும் என்கிறது. கப்பலில் வந்து இறங்கியவரிடம் 1930-க்குச் சாட்சி கேட்டால் எங்கே போவார்? இருளர், குறும்பர், பணியரின் உரிமையில் ஒரு பிடி மண்ணும் நமக்கு வேண்டாம். அவர்களோடு சேர்ந்துதான் நிற்கிறோம். உழைத்தவருக்கும் ஒரு பாத்தியதை உண்டு என்கிறோம், அவ்வளவுதான்.

இன்னொன்றையும் மறைக்காமல் பேச வேண்டும். மேஸ்திரி பல இடங்களில் நம்ம ஆளுதான். நோட்டுப் புத்தகம் கைக்கு வந்ததும் அவர் குரலில் பழைய கங்காணி பேசுகிறான். செத்த கன்றுக்குக் கூலியைப் பிடிப்பது, பெண்ணுக்கு அரைக் கூலி எழுதுவது, மழை நாளை வேலை நாளில் சேர்க்காமல் விடுவது. ஆளை மாற்றினால் தீராது. நோட்டு ஒருவர் கையிலேயே இருக்கிற ஏற்பாட்டை மாற்ற வேண்டும்.

கூலி வங்கிக் கணக்கில் ஏறிவிட்டால் சுரண்டல் ஒழியும் என்று நம்பும் தோழர்களுக்கு, கவுண்டரில் உட்கார்ந்திருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன். பத்துப் பாஸ்புக்கை ரப்பர் பேண்ட் போட்டு ஒரே ஆள் கொண்டுவருகிறார். கணக்குக்குச் சொந்தக்காரிகள் வாசலில் நிற்கிறார்கள்.

மாணவத் தோழர்களே, கருத்தரங்குகளுக்கு நடுவே ஒரு வேலை இருக்கிறது. 2005 தகவல் உரிமைச் சட்டத்தின்படி மஸ்டர் ரோலின் நகலைக் கேட்டு வாங்குங்கள். மலையேறிப் போய், குழி வெட்டியவர்களை உட்காரவைத்து, பெயர் பெயராகச் சத்தம் போட்டு வாசியுங்கள். எந்தப் பெயர் இருக்கு, எது இல்லை, எத்தனை நாள் குறையுது என்று அவங்களே சொல்லுவாங்க. அதை எழுதி அனுப்புங்கள். அடுத்த இதழில் அச்சிடுவோம்.